சீகன்பால்கின் தமிழ்ப் பயிற்சியும் அவர்தம் உரைநடையும்

தமிழ் உரைநடை வரலாறு எழுதப் புகுவோர் சீகன்பால்கைப் பற்றி இரண்டு செய்திகளைத் தவறாது குறிப்பர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715இல் தரங்கம்பாடியில் அச்சேற்றி முடித்தவர் அவர் என்பது ஒன்று. அவர் நடை கொச்சை நடை என்பது மற்றொன்று. முன்னதற்குச் சான்று காட்டுவோர் பின்னதற்குக் காரணம் கூறுவதில்லை; கடைத்தெருவில் தமிழ் கற்றவர் என்று ஒரே தொடரில் கூறி மேற்செல்வர். இம்முடிபு அவர் தமிழ் பயின்ற முறையோடு பொருந்துவதாக எமக்குத் தோன்றவில்லை.

1705ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கோபன்கேகனில் குருப்பட்டம் பெற்று, அத்திங்களிலேயே கப்பலேறியவர் சீகன்பால்கு. 1706 சூலை 9ஆம் நாள் அவர் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு அகவை இருபத்து மூன்று. உடன் வந்த புளுட்சோ போர்த்துக்கீசிய மொழியை மேற்கொள்ள, இவர் தமிழை மேற்கொண்டார். இலக்கண நூலோ அகராதியோ கையில் இல்லை. ஆதலின் முதிய பள்ளியாசிரியர் ஒருவரை வேண்டி, அவர்தம் பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தச் செய்து, சிறுவரோடு தாமும் அமர்ந்து மணலில் எழுத்துக்களை எழுதிப் பழகினார். எழுத்து வந்ததேயன்றிப் பொருள் விளங்கவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. பின்னரே பன்மொழி அறிந்த அழகப்பன் துணையாக வந்தார்.

இதுகாறும் கூறியது பலரும் அறிந்ததே. இதன் பின் நிகழ்ந்த பயிற்சியைத்தான் நம் வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு நோக்கவில்லை. தம் அன்றாட ஒழுங்கை அவரே ஒரு மடலில் விரித்துரைக்கின்றார். காலை ஏழு மணி முதல் எட்டு வரை, முன்னர்த் தொகுத்த சொற்களையும் தொடர்களையும் மீண்டும் ஓதுதல். எட்டு முதல் பன்னிரண்டு வரை, தாம் முன்பு படித்தறியாத தமிழ்ச் சுவடிகளையே படித்தல். அப்போது முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருப்பர். புதிய சொல் வருந்தோறும் எழுத்தர் குறித்துக்கொள்வார். செய்யுள் கடினமாயின் புலவர் அதனை வழக்குத் தமிழில் மாற்றிச் சொல்வார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் படிப்பு. இரவில் கண்ணுக்கு ஓய்வு வேண்டிப் பிறர் படிக்கத் தாம் கேட்டல். தம் பேச்சிலும் எழுத்திலும் எந்நூலின் நடையைப் பின்பற்ற விரும்பினாரோ அத்தகைய நூல்களையே தேர்ந்து, சிலவற்றை நூறு முறை படித்ததாகவும் கூறுகின்றார். இதனைக் கடைத்தெருக் கல்வி என்பது எவ்வாறு பொருந்தும்? நம் பல்கலைக்கழக மாணவருள் இத்துணைக் கடுமையாகப் பாடங்கேட்பவர் எத்துணைப் பேர் என்று வினவவும் தோன்றுகிறது.

அம்மடற்செய்தியுள் யாம் சிறப்பாகக் கருதுவது, புலவர் செய்யுளை வழக்குத் தமிழில் மாற்றிச் சொன்னார் என்னும் பகுதியை. சீகன்பால்கு இலக்கியத்தைக் கண்ணால் கண்டது சுவடியில். பொருளாகப் பெற்றதோ புலவரின் வாய்மொழியில். பாடங்கேட்கும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் பொழிப்பு ஏட்டில் ஏறாத ஒரு தமிழ். அது பரிமேலழகர் உரைநடையும் அன்று, சந்தைப் பேச்சும் அன்று. கற்றவர் கல்லாதவர்க்கு விளக்குங்கால் பிறப்பது. சீகன்பால்கின் உரைநடைக்கு மூலம் இவ்வாய்மொழிப் பொழிப்பே என்பது எம் கருத்து. சொற்கள் எளியவாக, தொடர்கள் குறுகியனவாக, பேச்சு வடிவங்கள் விரவி வருதல் அதன் இயல்பு. நாம் கொச்சை என்று ஒதுக்குவதில் ஒரு பகுதி, அக்காலப் புலவர் திண்ணையிலிருந்து பொருள் சொன்ன முறையின் எதிரொலியாக இருத்தல் கூடும்.

செய்யுள் வழக்கை அறியாமையால் அவர் இவ்வாறு எழுதினார் எனல் ஆகாது. உரைநடைச் சொற்களுக்கு ஓர் அகராதியும் செய்யுட் சொற்களுக்கு வேறோர் அகராதியும் அவர் தனித்தனியே தொகுத்தார். முன்னது 40,000 சொற்கள் அளவுக்கு வளர்ந்தது. இரண்டையும் பிரித்து வைத்தவர் வேறுபாடு அறிந்தே ஒன்றைத் தேர்ந்தார் என்று கொள்வதே முறை. 1708இல் அவர் தொகுத்த நூற்பட்டியில் தொல்காப்பியமும் திருக்குறளும் உள. கத்தோலிக்கக் குருமார் இயற்றிய தமிழ் நூல்களும் உள. சருவேசுரன் முதலிய சமயச் சொற்களை இப்பிற்கூறிய நூல்களே அவருக்கு அளித்தன. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் அவ்வாண்டிலேயே செருமானியத்தில் பெயர்த்தார். இவை சிறுவர் பள்ளியில் ஓதப்பெறும் நூல்கள் என்பது நோக்கத்தக்கது.

ஆயினும் குறையே இல்லை என்று வாதிடுவது எம் நோக்கமன்று. வாய்மொழிப் பொழிப்பு ஒருவருக்குச் சொல்வளம் தரும். நீண்ட கருத்தை எச்சங்களால் கோத்துச் செல்லும் தொடரமைப்பைத் தாராது. பவுலின் திருமுகங்களில் கிரேக்க வாக்கியம் கிளைத்துக் கிளைத்து ஓடுமிடத்து, அதனைத் தாங்கும் தமிழ்த் தொடர் அவர் கையில் இல்லை. மூலத்தின் வரிசையைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினார், தமிழ் இடர்ப்பட்டது. காலமும் குறைவு. கரையிறங்கி இரண்டு ஆண்டும் மூன்று திங்களுமே ஆகியிருந்த 1708 அக்டோபரில் மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். இடையே தரங்கம்பாடி ஆளுநரால் நான்கு திங்கள் சிறையிலிருந்தார். 1711 மார்ச்சில் முடித்தார். இவ்விரைவைப் பாராட்டுவோர் பலர். யாம் அதனை இரங்கத்தக்கதென்றே கொள்கின்றோம். பத்தாண்டு பொறுத்திருப்பின் நூல் வேறாக அமைந்திருக்கும். ஆனால் அவர் 1719இல், முப்பத்தாறாம் அகவையிலேயே மறைந்தார்.

வீரமாமுனிவர் தம் வேத விளக்கத்துள் தரங்கம்பாடியாரின் தமிழை எள்ளினார். பின்வந்தோர் பலர்க்கும் அவ்வெள்ளலே தீர்ப்பாயிற்று. சமயப் பூசலில் எழுந்த சொல்லை இலக்கியத் திறனாய்வாக எடுத்தாளுதல் தகாது. முனிவரும் பேச்சுத் தமிழின் தேவையை உணர்ந்தவரே. கொடுந்தமிழுக்கென அவர் இலத்தீனில் யாத்த இலக்கணம் 1738இல் அச்சேறியது அதே தரங்கம்பாடி அச்சகத்தில்! அவர் செந்தமிழையும் கொடுந்தமிழையும் இரு வேறு இலக்கணங்களால் வரையறுத்தார். சீகன்பால்கு 1716இல் கால்லே நகரில் வெளியிட்ட இலக்கணமோ வழக்குத் தமிழையே பெரிதும் நோக்கிற்று.

இன்னொன்றும் கருதற்பாலது. தமிழர் பெரிதும் கண்டது அவர் விரைந்து செய்த மொழிபெயர்ப்பையே. தமிழரை நாகரிகம் அற்றவராக முதலில் எண்ணிய தம் கருத்து, அவர்தம் நூல்களைப் படித்தபின் மாறியதை அவர் செருமானிய மொழியில் எழுதினார். அவர்தம் செருமானியப் படைப்புகளுட் சிறந்தவை நெடுங்காலம் ஏட்டளவிலேயே கிடந்தன. தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றி 1713இல் எழுதி முடித்த நூலைக் கால்லேத் தலைவர்கள் அச்சிட விரும்பவில்லை; அது 1867இல்தான் வெளிவந்தது. 1711இல் எழுதிய மற்றொரு பெருநூல் 1926 வரை காத்திருந்தது. நூற்பட்டியை விரிவான ஆய்வுரையுடன் வில் சுவீட்மன் 2012இல் புதுச்சேரியிலிருந்து வெளியிட்டுள்ளார். அப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதிற் கண்ட நீதி நூல்களின் சொல்லாட்சியைப் புதிய ஏற்பாட்டு முதற் பதிப்போடு அதிகாரந்தோறும் ஒப்பிடும் பணியை ஆய்வு மாணவர் ஒருவர் மேற்கொள்ளலாம். எம் கருத்துப் பிழைபடுமாயின் அவ்வொப்பீட்டிலேயே பிழைபடும்.