சொல்லுக்கும் சாதியா?

சொல்லாட்டங்களில் எச்சொல்லை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற வழக்கு மூளும்போதெல்லாம், "அகராதியில் உண்டா?" என்பர் ஒரு சாரார், "தனித்தமிழா?" என மடக்குவர் மறுசாரார். இவ்விரு வினாக்கள் போதுமா, தோழர்களே?

வடலூரையே எண்ணிப் பாருங்கள். சாதியை மறுத்த வள்ளலார் 1867-இல் பசித்தோர்க்குச் சோறிடத் தருமசாலை கண்டார். 1872-இல் ஞானசபை எழுப்பினார். தருமம், ஞானம், சபை மூன்றும் வடசொற்கள். அவற்றை ஆட்டத்தினின்று துரத்துவோமா? வடவெழுத்தை நீக்கி வரும் வடசொல்லைத் தொல்காப்பியரே ஏற்றார். அருகிருக்கும் நெய்வேலித் தொழிலாளி 'லிக்னைட்' என்றால் ஏற்போம். 'நிலக்கரி' என்போர்க்குக் கூடுதல் மதிப்பெண் தருவோம். தமிழ் வளர அதுவே வழி.

தள்ளவேண்டியவை வேறு. பிறப்பைச் சொல்லி மனிதனை இழிவுபடுத்தும் வசைகள் அகராதியில் இருக்கின்றன; அவற்றுட் சில கலப்பற்ற தமிழ்ச்சொற்கள்! இரு தேர்விலும் அவை வென்றுவிடுமே!

வட அமெரிக்க ஸ்கிராபிள் ஆட்டக்காரர் சங்கம் 2020-இல் இழிசொற்களைத் தன் பட்டியலினின்று நீக்கியது. "ஆட்டத்தில் சொல் வெறும் எழுத்துக்கூட்டமே, பொருளுக்கு அங்கு வேலையில்லை" என்று வாதிட்டோரும் உண்டு. அவ்வசையைக் கேட்டே வளர்ந்தவன் எதிரே அமர்ந்திருக்கையில், அது வெறும் எழுத்தா?

அகராதி வரலாற்றின் சாட்சி; அங்கே அவை இருக்கட்டும். ஆட்டமோ சமமானவர் கூடும் களம். அங்கே சொல்லின் பிறப்பை ஆராய வேண்டா. மனிதனின் பிறப்பைப் பழிக்கும் சொல்லுக்கு மதிப்பெண்ணும் வேண்டா!