இரண்டு சொற்செயலிகளும் ஒரு தமிழ்ப் பெயரும்

தட்டச்சுப் பொறியில் ஒரு கடிதத்தை அடித்து முடித்தபின், நடுவில் ஒரு வரி விட்டுப்போனது தெரிந்தால் என்ன செய்வீர்கள்? தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான். இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தவையே சொற்செயலிகள்.

இந்தியப் பள்ளிகளில் கணிப்பொறியை அறிமுகப்படுத்த 1984-இல் 'கிளாஸ்' திட்டம் தொடங்கியபோது, தொடக்கத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு வந்தது பி.பி.சி. மைக்ரோ. இங்கிலாந்தில் ஏகார்ன் நிறுவனம் 1981 இறுதியில் வெளியிட்ட வீட்டுக் கணிப்பொறி அது. அதற்கென்று பெயர்பெற்ற சொற்செயலிகள் இரண்டு. ஒன்று, கம்ப்யூட்டர் கான்செப்ட்ஸ் நிறுவனத்தின் 'வேர்ட்வைஸ்'. மற்றொன்று, ஏகார்ன்சாஃப்ட்டின் 'வியூ'. இவற்றில் எது மேலானது?

நினைவகக் கணக்கு

இந்தப் பொறியின் 'பி' வகையில் இருந்த நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. நாம் எழுதுவது, திரையில் தெரியும் படம், பொறியின் சொந்த வேலை ஆகிய மூன்றுக்கும் அதற்குள்தான் இடம். நல்ல வேளையாக இரு மென்பொருள்களும் பொறிக்குள் செருகும் சில்லுகளாகவே வந்தன; ஆகவே அவை இந்த 32-இல் பங்கு கேட்கவில்லை.

வேர்ட்வைஸ், வரிக்கு 40 எழுத்துகள் கொண்ட எளிய திரையில் வேலை செய்கிறது. அத்திரைக்கு ஒரே ஒரு கிலோபைட் போதும். வட்டு இயக்கி இணைத்த பொறியிலும் ஏறத்தாழ 24,000 எழுத்துகளுக்கு இடம் மிஞ்சும். வியூவில் வரிக்கு 80 எழுத்துகள் காணலாம். ஆனால் அத்திரை 16 கிலோபைட்டை விழுங்கிவிடும். மிஞ்சுவது 10,000 எழுத்துகளுக்கும் குறைவு. ஆங்கிலத்தில் ஒரு நீண்ட கட்டுரையை எழுதத் தொடங்கியவர் பாதியிலேயே நிறுத்திவிட்டு, மீதியைத் தனிக் கோப்பாக எழுத நேரும்.

எழுதும்போது

வியூவின் பெருமை, தாளில் வரவிருக்கும் வரி அமைப்பைத் திரையிலேயே காட்டுவது. அட்டவணை போடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. குறை என்னவென்றால், நடுவில் ஒரு சொல்லை நுழைத்தால் பத்தி தானாகச் சீரடையாது. அதற்கென ஒரு விசையை அழுத்த வேண்டும். வேர்ட்வைஸில் அந்த வேலை இல்லை. சொற்கள் தாமே நகர்ந்து இடம் தருகின்றன. எழுதிய சொற்களின் எண்ணிக்கையும் திரையின் மேலே தெரிகிறது. ஆனால் வரியின் நீளம், ஓரம் போன்றவற்றைக் குறிகளாக எழுத்துக்கிடையே பதிக்க வேண்டும். பக்கம் எப்படி அமையும் என்பது தனியே முன்காட்சி கேட்டால்தான் தெரியும்.

கட்டுரை எழுதும் மாணவருக்கு வேர்ட்வைஸ், பக்கம் அமைக்கும் அலுவலகத்துக்கு வியூ என்பது என் தீர்ப்பு. ஆனால் இத்தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதுவோருக்கே பொருந்தும்.

நம் சோதனை

காரைக்காலை அடுத்த எங்கள் ஊரின் பெயரையே சோதனைச் சொல்லாக எடுத்துக்கொள்வோம்: கோட்டுச்சேரி. வேர்ட்வைஸில் இதைத் தமிழில் எழுதவே வழியில்லை. அந்த எளிய திரைக்கு எழுத்துகளை வரைவது ஒரு தனிச் சில்லு. அதில் பதிந்துள்ள உருவங்களை நாம் மாற்ற முடியாது. நினைவகத்தை மிச்சப்படுத்திய அதே உத்திதான் தமிழுக்குக் கதவை அடைத்தது!

வியூ பயன்படுத்தும் மற்றத் திரைகளில் எழுத்தின் உருவத்தைப் புள்ளிகளால் மாற்றி அமைக்கலாம். ஆனால் ஓர் எழுத்துக்குக் கிடைப்பது எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டம். இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண' வேறுபாடு அதில் தெளிவாக விழுவது கடினம். அதைப் பொறுத்துக்கொண்டாலும் வேறொரு சிக்கல் உண்டு. நமக்கு 'கோ' ஓர் எழுத்து; பொறிக்கோ இரட்டைக் கொம்பு, 'க', கால் என மூன்று கட்டங்கள். ஊர்ப் பெயரின் ஆறு எழுத்துகளும் ஒன்பது கட்டங்களாகப் பிரியும். அழிப்பு விசையால் 'க'வை மட்டும் நீக்கினால், கொம்பும் காலும் தனித்து நிற்கும். ஆங்கிலத்துக்கென்று செய்த நிரலுக்கு இது பிழையாகவே தோன்றாது.

ஆகவே தமிழுக்கென்றே நிரல்கள் வேண்டியிருந்தன. 1980-களில் கனடாவில் முனைவர் சீனிவாசன் 'ஆதமி'யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு'வையும் உருவாக்கினார்கள். தமிழ் எழுத்தின் இயல்பை அறிந்தவர்கள் கையிலேயே அவ்வேலை நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்று யூனிகோடு முறையில் கோட்டுச்சேரி என்பது 12 குறியீடுகள். பரவலாக வழங்கும் யூ.டி.எஃப்.-8 வடிவில் 36 பைட். ஆங்கில எழுத்தில் இதே பெயருக்கு 11 பைட் போதும். இன்றைய நினைவகங்களுக்கு இது பொருட்டே அல்ல.

வாசகர்களே, பழைய பி.பி.சி. பொறியைப் போலவே நடிக்கும் நிரல்கள் இன்றும் கிடைக்கின்றன. இரண்டையும் இயக்கிப் பாருங்கள். பிறகு நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் சொற்செயலியில் உங்கள் ஊரின் பெயரைத் தமிழில் அடித்து, அழிப்பு விசையை ஒருமுறை அழுத்துங்கள். ஓர் எழுத்து முழுதாகப் போகிறதா, அதன் ஒரு துண்டு மட்டும் போகிறதா? விடை உங்களுக்கே வியப்பளிக்கலாம்.