இசைத்தட்டில் பாடபேதம்

இசைத்தட்டு என்பது நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே காட்டும் கண்ணாடி என்று கருதுவோர் பலர். கலைஞர் வாசித்தார், பொறி பதிந்துகொண்டது, நாம் கேட்கின்றோம், இடையில் வேறொருவர் கைக்கு இடமே இல்லை என்பது அவர்கள் எண்ணம். ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுநூல் தானாகவே பிறந்துவிட்டது என்று எண்ணுவதற்கு ஒப்பானது இது. ஓலைகளைத் தேடித் தொகுத்து, பிரதியைப் பிரதியோடு ஒப்பு நோக்கி, ஒரு பாடத்தை மூலத்தில் வைத்து, ஏனையவற்றை அடிக்குறிப்பில் இட்ட பதிப்பாசிரியரின் உழைப்பைத் தமிழாசிரியர் நன்கு அறிவர். இசைத்தட்டுக்கும் அத்தகைய பதிப்பாசிரியர் உண்டு. அங்கும் பாடபேதம் உண்டு. இதனை உணராமல் ஓர் இசைத்தட்டை மதிப்பிடப் புகுவது, பதிப்பைப் பாராமல் நூலை மதிப்பிடுவது போன்றதாகும்.

இதனை ஆராய்வதற்கு நல்லதொரு வாய்ப்பு இன்று வாய்த்திருக்கின்றது. இசைத்தட்டு நிறுவனங்கள் தம் பெட்டகங்களில் பல்லாண்டு உறங்கிய ஒலிநாடாக்களை எடுத்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வருகின்றன. கனடா நாட்டுப் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட், பாக் இயற்றிய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்கள்' என்னும் இசைநூலை இருமுறை பதிந்து வெளியிட்டவர். முதல் பதிவு 1955-இல் நடந்தது. இரண்டாவது 1981-இல் நடந்தது. 1955-ஆம் ஆண்டுப் பதிவின்போது வாசிக்கப்பட்டு ஒதுக்கப்பட்டவற்றையும் சேர்த்து 2017-இல் சோனி நிறுவனம் பெருந்தொகுப்பாக வெளியிட்டது. 1981-ஆம் ஆண்டுப் பதிவுகளின் முழுத்தொகுப்பு 2022-இல் வந்தது. நாற்பது நிமிடமும் நிரம்பாத ஒரு தட்டுக்குப் பின்னால் எத்தனை மணி நேர முயற்சி கிடந்தது என்பதை இப்போது எவரும் கேட்டறியலாம். ஆயின், இவ்வெளியீடுகளால் கலை விளக்கம் பெறுகின்றதா, அன்றி வணிகம் மட்டும் பெருகுகின்றதா என்பதே வினா.

இவ்விரு பதிவுகளும் நடந்த இடத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நியூயார்க் நகரத்தில் கிழக்கு 30-ஆம் தெருவில் கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று இருந்தது. அது முதலில் கிறித்தவத் தேவாலயமாகக் கட்டப்பெற்ற கட்டடம். வழிபாடு நின்று வெறுமையாய்க் கிடந்த அதனை, 1940-களின் இறுதியில் அந்நிறுவனம் ஒலிப்பதிவுக்கு உரியதாக்கிற்று. உயர்ந்த கூரையும் அகன்ற வெளியும் இசைக்கு இயல்பான ஒரு கார்வையைத் தந்தன. இசைவாணர்கள் அக்கூடத்தைத் 'தேவாலயம்' என்றே அழைத்தனர். 1957-இல் 'வெஸ்ட் சைடு ஸ்டோரி' என்னும் இசை நாடகத்தின் பாடல்கள் அங்கேதான் பதிவாயின. ஜாஸ் இசையின் தலைசிறந்த தட்டு என்று பலராலும் போற்றப்படும் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' 1959-இல் பதிவானதும் அங்கேதான்.

ஒரே கூரையின்கீழ் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு கொள்கைகள் அங்கே செயற்பட்டன என்று பொதுவாகக் கூறுவர். டேவிஸின் தட்டு ஒரே மூச்சில் பிறந்தது. கூல்ட்டின் தட்டு வெட்டி ஒட்டிப் பிறந்தது. முன்னது மெய், பின்னது செயற்கை என்பது அவர்கள் தீர்ப்பு. இத்தீர்ப்பு பிழையானது என்பதற்கு அந்நாடாக்களே சான்று பகர்கின்றன.

முதலில் டேவிஸின் தட்டை நோக்குவோம். அது 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில் பதிவாயிற்று. டிரம்பெட் வாசித்த டேவிஸ், முழுதும் எழுதப்பெற்ற இசையைக் கொண்டு வரவில்லை. சிறு குறிப்புகளையே கொண்டுவந்தார். ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பில் எவன்ஸ் போன்ற கலைஞர்கள் அக்குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு அவ்விடத்திலேயே கற்பனை செய்து வாசித்தனர். தட்டின் உறையில் எவன்ஸ் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. மெல்லிய தாளில் தூரிகை ஒருமுறை சென்றால் சென்றதுதான், திருத்த முற்பட்டால் தாள் கிழிந்துவிடும் என்னும் தன்மையுடைய ஒருவகை ஜப்பானிய ஓவியத்தோடு அவர் இவ்விசையை ஒப்பிட்டார். ஒவ்வோர் இசையும் முழுமையாக வாசிக்கப்பட்ட முதன்முறையே தட்டில் இடம்பெற்றது என்றும் எழுதினார்.

அழகான உவமைதான், ஆனால் செய்தி முற்றும் சரியன்று. ஓர் இசையை ஒருமுறை வாசித்துப் பதிவதை ஒலிப்பதிவாளர் 'டேக்' என்பர். 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' என்னும் இசையின் முதல் டேக் முழுமையாகவே வாசிக்கப்பட்டது. ஆயினும் தட்டில் ஏறியது அதுவன்று, ஆறாவது டேக். ஒதுக்கப்பட்ட முதல் டேக் பிற்காலத்தில் வெளியாகி, இன்று தட்டின் இறுதியில் இணைப்பாக ஒலிக்கின்றது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போர், இரண்டும் சிறந்தவை என்பதையும், இரண்டனுள் ஒன்றை ஒருவர் தேர்ந்தார் என்பதையும் உணர்வர். திருத்த இயலாத தூரிகைக் கோடு என்று போற்றப்பட்ட இடத்திலும் தேர்ந்தெடுத்த கை ஒன்று இருந்திருக்கின்றது.

இத்தட்டில் இன்னொரு பாடபேதமும் உண்டு. மார்ச் 2 அன்று இயங்கிய பதிவுப்பொறி, ஓட வேண்டிய வேகத்தினும் சற்றுக் குறைவாக ஓடிற்று. அந்நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது இசை விரைந்தது; சுருதியும் சற்று ஏறிற்று. இதனால் தட்டின் முதற்பக்கத்தில் அமைந்த மூன்று இசைகளும் வாசிக்கப்பட்ட சுருதியில் ஒலிக்கவில்லை. துணைப்பொறியில் பதிந்த நாடாவைக் கொண்டு இப்பிழை திருத்தப்பெற்றது 1992-இல்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் போற்றியது பிழைபட்ட ஒரு பாடத்தையே! அச்சிட்ட முதற்பிரதிகளில் இரண்டாம் பக்கத்து இசைகள் இரண்டின் பெயர்களும் இடம் மாறியிருந்தன என்பதையும் சேர்த்து எண்ணினால், ஏடெழுதுவோர் பிழை எந்திர யுகத்திலும் ஒழியவில்லை என்பது விளங்கும்.

இனிக் கூல்ட்டிடம் வருவோம். 1955 ஜூனில் அவருக்கு வயது 22. பாக்கின் நூல், ஒரு தொடக்க இசையையும் அதன் அடித்தள இழையின்மேல் எழுந்த முப்பது மாற்றுருவங்களையும் கொண்டது. இறுதியில் தொடக்க இசை மீண்டும் வரும். எளிய அத்தொடக்க இசையை, மாற்றுருவங்களை எல்லாம் பதிந்து முடித்த பின்னரே தாம் பதிந்ததாகவும், அதற்கு இருபது டேக்குகள் வேண்டியிருந்தன என்றும் அவர் பின்னாளில் எழுதினார். விரல் தவறியதால் அன்று. பின்னே வரப்போகும் உணர்ச்சிகளை முன்கூட்டியே காட்டிவிடாத ஒரு நடுநிலைப் பாவத்தைக் காண்பதற்கே அத்தனை முயற்சி. ஒவ்வொரு முறையும் மிகையான ஒன்று கழிந்தது. சேர்ப்பதற்காகத் திரும்பத் திரும்ப வாசிப்போரைக் கண்டிருக்கின்றோம். கழிப்பதற்காக வாசித்தவர் இவர்.

1964 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வாசித்ததோடு அவர் மேடையை அறவே துறந்தார். இரண்டாண்டு கழித்து ஒலிப்பதிவின் எதிர்காலம் குறித்து எழுதிய கட்டுரையில் தம் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். பாக்கின் ஃபியூக் வகை இசை ஒன்றை எட்டு டேக்குகள் பதிந்தார். ஆறாவதும் எட்டாவதும் குறையற்றவை என்று அன்று தோன்றின. சில வாரம் சென்று கேட்டபோது, ஒன்று முழுவதும் கனத்த நடையாகவும், மற்றொன்று முழுவதும் துள்ளல் நடையாகவும் இருந்து, தனித்தனியே சலிப்பூட்டின. இரண்டின் காலமும் ஏறத்தாழ ஒன்றாயிருந்ததால், தொடக்கத்திற்கும் முடிவிற்கும் ஆறாவதையும், நடுப்பகுதிக்கு எட்டாவதையும் கொண்டு இணைத்தார். இணைந்த உரு இரண்டினும் சிறந்ததாயிற்று.

இங்கே ஒரு தடை எழுப்புவர். கேட்போர் அதனை ஒரே ஓட்டமாக நம்புகின்றனர். அங்ஙனம் நம்பச் செய்தது வஞ்சனை அன்றோ என்பர். புலவர் ஒரு செய்யுளை ஓரிரவில் பாடினாரா, ஓராண்டில் பாடினாரா என்று கேட்டுவிட்டு நாம் சுவைப்பதில்லை என்று விடை கூறிவிடலாம். ஆனால் அவ்விடை போதாது. இசை வாசிப்பு ஒரு செயல். அச்செயலின் ஆற்றலும் நம் வியப்பில் ஒரு பங்கு பெறுகின்றது. இல்லாத ஆற்றலை இருப்பதாகக் காட்டும் ஒட்டு, கண்டிக்கத் தக்கதே. கூல்ட் செய்தது அத்தகையதன்று. இரண்டு டேக்குகளும் தனித்தனியே முழுமையாக வாசிக்கப்பட்டவை. அவர் மறைத்தது இயலாமையை அன்று, வெளிப்படுத்தியது தேர்வை. இயலாமையை மறைக்கும் ஒட்டு வேறு. இயன்ற இரண்டனுள் சிறந்ததைத் தேரும் ஒட்டு வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் கத்தரிக்கோல் பட்ட நாடாவை எல்லாம் பொய் என்பது திறனாய்வு ஆகாது.

டேவிஸும் பின்னர் இக்கருத்துக்கே வந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1969 ஆகஸ்டில் அதே நியூயார்க்கில் கொலம்பியாவின் வேறொரு கூடத்தில் பதிந்து 1970-இல் வெளிவந்த 'பிச்சஸ் புரூ' தட்டில், தயாரிப்பாளர் டியோ மசேரோ நாடாவைப் பல இடங்களில் வெட்டி ஒட்டியே இசையின் உருவை அமைத்தார். ஒரே மூச்சின் சின்னமாகப் போற்றப்பட்டவரும் பத்தாண்டில் கத்தரிக்கோலை ஏற்றுக்கொண்டார்.

அங்ஙனமாயின் முழுத்தொகுப்புகளின் பயன் யாது? அவை சான்றாவணங்கள். ஒட்டுக்குப் பின்னே ஆற்றல் இருந்ததா என்பதை ஐயமறக் காட்டுவன அவையே. ஒதுக்கப்பட்டதைக் கேட்கும்போதுதான் ஏற்கப்பட்டதன் காரணம் புலனாகின்றது. இசை பயில்வோருக்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை. ஆனால் அடிக்குறிப்பை மூலத்திற்கு ஏற்றிவிடக் கூடாது. கூல்ட் 1982 அக்டோபர் 4-ஆம் நாள், தம் ஐம்பதாம் வயதில் காலமானார். ஒதுக்கியவற்றை வெளியிடுக என்று சொல்ல இன்று அவர் இல்லை. 'வெளிவராத பொக்கிஷம்' என்ற விளம்பரத்தோடு அவற்றை இறுதிப் பாடத்திற்கு இணையாக விற்பது, அவர் தேர்வைப் பொருளற்றதாக்குவதாகும்.

இரண்டு வெளியீடுகளுக்கு அவரே ஒப்புதல் தந்தார். அவை இரண்டு பதிப்புகள். 1955-ஆம் ஆண்டுத் தட்டு ஏறத்தாழ 38 நிமிடம். 1981-இல் பதிந்து 1982-இல் வெளிவந்தது ஏறத்தாழ 51 நிமிடம். திரும்ப வாசிக்குமாறு பாக் இட்ட குறிகளை முதலில் விட்டுவிட்டவர், பின்னர்ச் சிலவற்றை ஏற்றார். எனினும் வேறுபாடு அதனால் மட்டும் வந்ததன்று. தொடக்க இசை முன்னர் இரண்டு நிமிடத்திற்குள் முடிந்தது. பின்னர் மூன்று நிமிடத்தைக் கடந்தது. இளமையின் பாய்ச்சல் ஒன்று. முதிர்ந்த நிதானம் மற்றொன்று. பிந்தியது முந்தியதைத் திருத்தவில்லை, இரண்டும் நிற்கின்றன. அவர் விட்டுச் சென்ற இவ்விரண்டைத் தேர்ந்து கேட்பவரே அவரைக் கேட்டவராவர்.

இவ்வினா இன்று மேலும் கூர்மை பெற்றுவிட்டது. 2023 நவம்பர் 2-ஆம் நாள் பீட்டில்ஸ் குழுவினரின் 'நவ் அண்ட் தென்' என்னும் பாடல் வெளிவந்தது. 1980-இல் கொலையுண்ட ஜான் லெனன் தம் வீட்டில் ஒலிநாடாப் பேழையில் பதிந்து வைத்த குரலைக் கணினி பியானோ ஒலியினின்று பிரித்தெடுத்துத் தந்தது. ஜார்ஜ் ஹாரிசன் 1995-இல் வாசித்த கிதார் அதனோடு சேர்ந்தது. எஞ்சிய இருவரும் தம் பங்கைச் சேர்த்தனர். நால்வரும் ஒருங்கே நின்று ஒருபோதும் பாடாத பாட்டு அது. ஆயினும் எவர் குரல் எங்கிருந்து வந்தது என்பதை வெளிப்படையாகவே கூறினர். ஆதலின் அதனை வஞ்சனை என்றல் பொருந்தாது. ஆனால் லெனன் அதனை ஏற்றிருப்பாரா என்பதற்கு எந்தக் கணினியும் விடை தராது.

ஆதலின், இனி வரும் இசைத்தட்டுகளை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இது எந்நாளில், எவ்விடத்தில் பதிந்த பாடம்? இதனைத் தேர்ந்தவர் கலைஞரா, பிறரா? பதிந்த பின் இதில் எவை மாற்றப்பட்டன? இம்மூன்றுக்கும் உறையிலேயே விடை இருத்தல் வேண்டும் என்று வாங்குவோர் கேட்க வேண்டும். நல்ல பதிப்பின் முகவுரையில் நாம் எதிர்பார்ப்பது இதுவே. அதற்குக் குறைந்த எதனையும் இசைத்தட்டினிடம் ஏற்றுக்கொள்ள வேண்டுவதில்லை.

30-ஆம் தெருக் கூடம் இன்று இல்லை. கூல்ட் தம் இரண்டாம் பதிவை முடித்த 1981-ஆம் ஆண்டோடு அதன் பணியும் முடிந்தது. கட்டடம் விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. அதன் கார்வை நாடாக்களில் மட்டும் எஞ்சியிருக்கின்றது. அந்நாடாக்களுள் எது கூல்ட்டின் சொல், எது அவர் அடித்துவிட்ட சொல் என்று பிரித்தறிந்து கேட்பது இனி நம் கடமை.