கையறுநிலையும் கைப்பக்குவமும்: ‘வெண்பா’ என்னும் கணினி விளையாட்டை முன்வைத்து

தொல்காப்பியம் காஞ்சித்திணையின்கண் எண்ணும் துறைகளுள் கையறுநிலையும் ஒன்று. இறந்தாரை நினைந்து எஞ்சியோர் புலம்புவதைக் குறிக்கும் இத்துறையின் பெயரிலேயே, செய்தற்கு ஏதுமின்றிக் கை ஓய்தல் என்னும் கருத்து உறைகிறது. கணினி விளையாட்டோ முழுவதும் கையை நம்பியது. ஆடுவோர் கை அசையாவிடின் கதையும் அசையாது. அங்ஙனமாயின், இறப்பின் துயரை இவ்வடிவம் தாங்குமா என்னும் வினா எழுகின்றது.

கனடாவின் தொரொந்தோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலை 31ஆம் நாள் வெளியிட்ட ‘வெண்பா’ இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றது. தமிழ்க் குடும்பமொன்றின் புலம்பெயர் வாழ்வைச் சமையல்வழிக் கூறும் இப்படைப்பு 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. கதை 1988இல் தொடங்குகிறது. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். யாப்பு கற்பிப்போர் இப்பெயர்களைக் கண்டு சற்றே புன்னகைப்பர். வெண்பாவின் அன்னை தந்த சமையற்குறிப்பேடு சிதைந்துள்ளது. அழிந்த வரிகளை உய்த்துணர்ந்து சமைப்பதே ஆடுவோர் பணி. இட்லித் தட்டுகளை ஆவி புகுமாறு எவ்வாறு அடுக்குவது என்பது முதற் புதிர். தவறினால் மீண்டும் செய்யலாம், தண்டனை ஏதுமில்லை.

இவ்விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே அதுபற்றிப் படித்து, நெடுநாள் காத்திருந்தோம். வெளிவந்தபோது எம் அன்னையார் மறைந்து பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்திருந்தன. ஜொகூரின் ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த அவர் துணி விரித்தே இட்லி அவித்தவர். துளையிட்ட தட்டு எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அவர் எந்த அளவையும் எழுதிவைத்தவரும் அல்லர். கேட்டால், “கைக்குத் தெரியும்” என்பார். கைப்பக்குவம் என்று தமிழர் வழங்கும் அச்சொல்லின் பொருள் கை போனபின்தான் முழுதும் விளங்குகிறது. ஏடு சிதைந்தால் ஊகித்து நிரப்பலாம். ஏடே இல்லாதபோது எதை நிரப்புவது? திரையில் இட்லி வெந்ததும் எமக்கு முதலில் தோன்றியது ஆறுதல் அன்று, ஒருவகைச் சினமே. எனினும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அந்நாள்களில், முறையாகச் செய்தால் முறையாக முடியும் என்று உறுதி தந்த செயல் அது ஒன்றே.

உணவால் இறந்தாரை நினைத்தல் நமக்குப் புதிதன்று. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாடல், கள்ளையும் சோற்றையும் அவன் பகிர்ந்த முறையிலிருந்தே தொடங்குகிறது. சிறிது கிடைப்பின் எமக்கே தந்தான், பெரிது கிடைப்பின் உடனுண்டான் என்று அடுக்கும் அப்பாடலில், ‘மன்’ என்னும் இடைச்சொல் திரும்பத் திரும்ப வந்து, ‘அது கழிந்தது’ என உணர்த்துகிறது. ஒவ்வொரு நினைவும் ஈந்த உடனேயே பறிக்கப்படுகிறது. ‘வெண்பா’வின் சமையற் பகுதிகளுக்கு இத்தகைய ‘மன்’ இல்லை. பாவலன் இறந்தபின்னரும் புதிர் விடுபடவே செய்கிறது, பண்டம் வேகவே செய்கிறது. ஆட்டம் முன்செல்ல வேண்டுமாயின் அங்ஙனமே ஆக வேண்டும்.

இதனை வடிவத்தின் தவிர்க்கவியலாக் குறை எனத் தள்ளிவிட இயலாது. மகனைப் புற்றுநோய்க்கு 2014இல் பறிகொடுத்த அமெரிக்கப் பெற்றோர் ரயன் கிரீன், ஏமி கிரீன் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ‘தட் டிராகன், கேன்சர்’ வேறு வழியை மேற்கொண்டது. அழும் குழந்தையை ஆற்ற ஆடுவோர் எதைச் செய்தாலும் அழுகை அடங்காத இடம் ஒன்று அதில் உண்டு. கை இருந்தும் பயனற்றுப் போகும் அவ்விடத்தைக் கையறுநிலை என்று அழைப்பதில் எமக்குத் தயக்கமில்லை.

‘வெண்பா’வும் ஓரிடத்தில் இதனை நெருங்குகிறது. வளர்ந்து விலகிச் சென்ற மகனுக்காகத் தாய் பல பண்டங்களைச் சமைத்துக் காத்திருக்கும் பகுதி அது. எல்லாப் பண்டங்களும் பிழையின்றி அமைகின்றன. அவள் தனிமை மட்டும் தீரவில்லை. வேலைக்காகப் பிள்ளைகள் பாலம் கடந்து சிங்கப்பூர் செல்லும் ஜொகூர்க் குடும்பங்களுக்கு இக்காட்சியை விளக்கவேண்டியதில்லை. பாவலனின் இறப்பைக் கூறும் இடத்தைவிட இவ்விடமே எம்மை வருத்தியது. திறம்படச் சமைத்தவர் நாமே. ஆயினும் அத்திறத்தால் அவளுக்கு ஆகக்கூடியது ஒன்றுமில்லை.