ஹஸ்பண்டுக்கு உழவு, ஹவுஸ்வைஃபுக்கு வசவு

ஹஸ்பண்ட், ஹவுஸ்வைஃப் இரண்டும் வீட்டை முதற்பாதியாகக் கொண்ட கூட்டுச் சொற்கள். முதலாவது, இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. 'ஹூஸ்' என்றால் வீடு. 'போண்டி' என்றால் குடியிருந்து நிலத்தைப் பயிர் செய்பவன். இரண்டாவதில் உள்ள 'வீஃப்' பழைய ஆங்கிலத்தில் மனைவியை மட்டுமல்ல, பெண் எவரையும் குறித்தது. 13ஆம் நூற்றாண்டில் ஹவுஸ்வைஃப் என்றால் வீட்டை நிர்வகிக்கும் தலைவி.

பிறகு பாதை பிரிந்தது. ஹஸ்பண்டிலிருந்து உழவைக் குறிக்கும் 'ஹஸ்பண்ட்ரி' பிறந்தது. ஹவுஸ்வைஃப் பேச்சில் தேய்ந்து 'ஹஸ்ஸி' ஆனது. குடும்பத் தலைவியைச் சுட்டிய அந்தக் குறுக்கம் நாளடைவில் நடத்தை கெட்டவள் என்ற வசவாகிவிட்டது.

தமிழும் விலக்கல்ல. இல்லாள் என்றால் மனைவி; இல்லான் என்றால் வறியவன். இந்த இணையில் வீட்டோடு கட்டப்பட்ட பெயர் பெண்ணுக்கு மட்டும்தான். இன்று அவளை இல்லத்தரசி என்கிறோம். அவள் ஆளும் நிலம் எது என்று கேட்பதில்லை.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் கேட்டுப் பார்க்கலாம். மானாவாரிக் காடுகளில் பருத்தி எடுப்பது, மக்காச்சோளத்துக்குக் களை வெட்டுவது, மாட்டுக்குப் புல் அறுத்துப் பால் கறப்பது எல்லாம் பெண்கள் கைபட்ட வேலைகள். பட்டாவில் இருப்பதோ பெரும்பாலும் ஆணின் பெயர். மாடு வளர்க்கும் வேலைக்கு அரசின் ஆங்கிலப் பெயர் 'அனிமல் ஹஸ்பண்ட்ரி'. சாணி அள்ளுபவள் அந்தப் பெயரில் இல்லை. 'கால்நடை பராமரிப்பு' என்ற தமிழ்ப் பெயர் அந்த வகையில் நேர்மையானது.

பெயரிலிருந்து பதிவேட்டுக்கு ஒரு எட்டுதான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுவேலை செய்யும் பெண்களை, பிச்சையெடுப்போரோடும் சிறைக்கைதிகளோடும் சேர்த்து உழைக்காதோர் பட்டியலில் வைத்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. கணவன் பெயரில் வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்புக்கும் பங்குண்டு என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்துக்கு 'உதவி' என்றில்லாமல் 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டதும் ஒரு நகர்வே. ஆனாலும் அது குடும்பத் தலைவிக்கு வருகிறது, உழவருக்கு அல்ல.

ஹவுஸ்வைஃபை ஹோம்மேக்கர் என்று மாற்றியதால் பட்டாவில் பெயர் ஏறிவிடவில்லை. கணக்கெடுக்க வருபவரிடம், "அவங்க சும்மா வீட்லதாங்க இருக்காங்க" என்று வாசலிலிருந்து ஆண் சொல்லும் பதிலை மறுத்து, காட்டிலிருந்து திரும்பியவள் தன் வேலையைத் தானே சொல்ல வேண்டும். அதை அப்படியே எழுதிக்கொள்ளப் படிவத்தில் இடமும் வேண்டும்.