யூடியூப் ஸ்டூடியோவில் பார்க்க வேண்டிய ஒரே கோடு

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் இப்போது தெருவுக்கு ஒரு யூடியூப் சேனல். பாதி பிரியாணி, மீதி தோல் பொருள். எங்கள் சேனலும் தோல் பற்றியதுதான். கடை கடையாகப் போய் விலை சொல்வதில்லை. ஒரிஜினல் தோலை எப்படிக் கண்டுபிடிப்பது, ஷூவுக்கு எந்தத் தோல், பெல்ட்டுக்கு எந்தத் தோல், டேனரிக்குள் போகும் ஆட்டுத்தோல் என்னென்ன கட்டங்களைத் தாண்டி வெளியே வருகிறது என்று பேசுகிறோம். நான் பேசுவேன், தம்பி படம் பிடித்து எடிட் செய்வான். சேனல் நடத்துகிறவர்கள் எங்கே சந்தித்துக்கொண்டாலும் ஒரே கேள்விதான்: "பாய், சப்ஸ்கிரைபர் ஏறுறதுக்கு எந்த ஆப் நல்லாருக்கு?"

பல மாதங்களாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு நான் சொல்லும் பதில், யூடியூப் ஸ்டூடியோ. யூடியூபே இலவசமாகக் கொடுப்பது. போனிலேயே போட்டுக்கொள்ளலாம். கமெண்ட்டுக்குப் பதில் போடலாம், தம்ப்நெயில் மாற்றலாம், வருமானம் பார்க்கலாம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் எழுத வந்தது அதற்குள் இருக்கும் ஒரு கோட்டைப் பற்றி.

ஏதாவது ஒரு வீடியோவைத் திறந்து அனலிட்டிக்ஸ் பக்கம் போனால் ரிடென்ஷன் கிராஃப் வரும். இடது ஓரம் வீடியோவின் தொடக்கம், வலது ஓரம் முடிவு. பார்க்க வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் ஒவ்வொரு நொடியிலும் மிச்சம் இருக்கிறார்கள் என்பதுதான் அந்தக் கோடு. படுத்தபடி நேராகப் போனால் ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மேலே புடைத்தால் அந்த இடத்தைத் திரும்பப் பார்க்கிறார்கள், அல்லது தேடி வந்து பார்க்கிறார்கள். பள்ளம் விழுந்தால் தாண்டிப் போகிறார்கள், அல்லது எழுந்தே போய்விட்டார்கள். முப்பதாவது விநாடியில் எத்தனை சதவீதம் என்று தனியாகவும் எண் கொடுக்கிறது. உங்கள் சேனலில் அதே அளவு நீளமுள்ள கடைசி 10 வீடியோக்களின் வழக்கமான நிலையைச் சாம்பல் நிறப் பட்டையாகப் பின்னால் காட்டுகிறது. வீடியோ போட்டு ஓரிரு நாள் கழித்துத்தான் கோடு முழுதாக வரும். அதுவரை பொறுமை வேண்டும்.

இந்தக் கோடு ஏன் இவ்வளவு முக்கியம்? யூடியூப் 2012-ல் தன் பரிந்துரை முறையை மாற்றியது. எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற கணக்கை விட, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கு முன்னுக்கு வந்தது. உங்கள் வீடியோவைத் தெரியாத ஒருவரின் போனில் கொண்டுபோய்க் காட்டுவதா வேண்டாமா என்பதில் இந்த நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, வளர்ச்சி என்று நாம் தேடுவது ஏறக்குறைய முழுதும் இந்தக் கோட்டுக்குள் இருக்கிறது.

எங்கள் பெல்ட் வீடியோவின் கோடு இது. வணக்கம், ஊர்ப் பெயர், சேனல் பெயர், பெல் பட்டன் எல்லாம் சொல்லி முடிக்கும்போது பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. பிறகு மெல்ல மெல்லச் சரிகிறது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் திடீரென்று மேலே எழும்புகிறது. தம்பி அங்கே விரலை வைத்ததும் வீடியோ அந்த இடத்திலிருந்து ஓடியது. இரண்டு பெல்ட்டுகளின் ஓரத்தையும் பிளேடால் சீவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் இடம். ஒன்றில் மேலிருந்து அடிவரை ஒரே தோல். வெட்டிய இடத்தில் நார் நாராகத் தெரிகிறது. மற்றதில் மேலே நகத்தால் உரித்தால் வந்துவிடும் பிளாஸ்டிக் பூச்சு, அடியில் தோல்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய அட்டை. ஒரிஜினல் லெதர் என்று முத்திரை குத்தி விற்கும் பெல்ட் ஒரு மழைக்காலத்தில் ஏன் பிளந்துபோகிறது என்பதற்கான பதில் அந்த அட்டைதான். நான் அங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிளேடு தோலில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.

அடுத்து ஷூ பற்றிய வீடியோ. தம்பி முதல் ஷாட்டிலேயே பிளேடைக் கொண்டுவந்துவிட்டான். வணக்கம் அதற்குப் பிறகு, ஒரே வரியில். முப்பதாவது விநாடியில் கோடு சாம்பல் பட்டைக்கு மேலே நின்றது. எந்த கோச்சிங் வகுப்பும், எந்தக் கட்டண ஆப்பும் இதை எங்களுக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது. பெல்ட்டின் வெட்டுவாய் ஜனங்களுக்கு இவ்வளவு பிடிக்கும் என்று வேறு யாருக்குத் தெரியும்?

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலின் வீடியோ எதையாவது இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தாண்டிய முதல் தமிழ்ச் சேனல் அது. பொருளின் பெயரைக் குரலெடுத்துச் சொல்கிறார்கள், போடுகிறார்கள், அடுத்த பொருள் வந்துவிடுகிறது. நடுவில் எழுந்துபோக இடமே விடுவதில்லை. தமிழ் தெரியாதவரும் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு கோடி என்ற எண்ணுக்குப் பின்னால் இந்த ஒழுங்கு இருக்கிறது.

பிளேடு ஷாட் எடுபடும் என்பதைக்கூட ஓரளவு ஊகித்திருக்கலாம். என்னை உண்மையிலேயே மகிழ்வித்தது இன்னொரு வீடியோவின் கோடு. எங்கள் பகுதியில் தோல் பதனிடும் முறை எப்படி மாறியது என்பதுதான் அதன் விஷயம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் தொட்டியில் ஊறவைத்த காலத்தில் தொடங்கி, குரோம் உப்பு போட்டு டிரம்மில் சுழற்றி நீல நிறத்தில் எடுக்கும் வெட் ப்ளூ வரை சொல்லிவிட்டு, டேனரிக் கழிவு கலந்த பாலாற்றுக்கு வந்தேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் விளக்கினேன். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்று அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. இந்தப் பகுதி டேனரிகள் எல்லாவற்றுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கைக்காக இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. "கோர்ட், தீர்ப்புன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்க, வெட்டிடலாம்" என்றான் தம்பி. நான் விடவில்லை.

கோடு அந்தப் பகுதி முழுக்க ஆடாமல் நேராகப் போனது. போனில் பார்த்ததோடு நிற்காமல் கம்ப்யூட்டரில் ஸ்டூடியோவைத் திறந்து பார்த்தேன். அங்கே சப்ஸ்கிரைபர்களுக்கு ஒரு கோடு, மற்றவர்களுக்கு ஒரு கோடு என்று பிரித்துப் பார்க்கலாம். வழக்கமாக மற்றவர்களின் கோடு சீக்கிரம் இறங்கும். பாலாற்றுப் பகுதியில் இரண்டும் ஒட்டிக்கொண்டே ஓடின. கமெண்ட்டில் ஒருவர் தன் அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் தங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியதை எழுதியிருந்தார். நம் ஊர் ஜனங்களுக்குக் கடினமான விஷயம் பிடிக்காது என்ற பேச்சை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை. தங்கள் வாழ்க்கையைத் தொடும் விஷயம் என்றால் உட்கார்ந்து கேட்கிறார்கள். கோடு சாட்சி.

இந்தக் கோட்டின் குறையையும் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்று காட்டும். ஏன் போனார்கள் என்று காட்டாது. டேனரிக்குள் டிரம் ஓடும்போது நான் பேசிய இடங்களிலெல்லாம் கோடு சரிந்தது. பேச்சு பிடிக்காமல் போனார்களா, பேச்சே காதில் விழாமல் போனார்களா? ஹெட்போன் போட்டுக்கொண்டு அந்த இடங்களை மட்டும் கேட்டோம். இரைச்சல்தான். சட்டைக் காலரில் மாட்டும் வயர்லெஸ் மைக் ஒன்று வாங்கிய பிறகு அந்தச் சரிவு நின்றுவிட்டது. கேமராவை மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் மைக் வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள்; பேச்சு கேட்கவில்லை என்றால் போய்விடுவார்கள்.

ஸ்டூடியோவின் முகப்பில் வரும் தரவரிசை அட்டை எனக்குப் பிடிக்காத விஷயம். புதிய வீடியோ போட்டதும் உங்கள் கடைசி 10 வீடியோக்களில் இது எத்தனையாவது இடம் என்று காட்டுகிறது. வெளியிட்டு முதல் சில மணி நேரத்துப் பார்வைகளை வைத்துப் போடும் கணக்கு அது. "10-ல் 10" என்று வந்துவிட்டால் இரண்டு நாள் சோறு இறங்காத பையன்களை எனக்குத் தெரியும். எங்கள் தீர்ப்பு வீடியோ மாதிரியானவை மெதுவாகத்தான் ஏறும், தேடலில் வரும், வாட்ஸ்அப்பில் கைமாறும். முதல் நாள் இடத்துக்கும் அவற்றின் ஆயுளுக்கும் சம்பந்தமில்லை. வேர்வை சிந்தி வீடியோ எடுத்தவனை முதல் நாளே சோர்ந்துபோகச் செய்யும் இந்த அட்டையை மூடிவைக்க வசதி தர வேண்டும்.

அடுத்தது கட்டண ஆப்கள். தேடல் சொற்களுக்கு மதிப்பெண் போட்டு, இந்தச் சொல்லை வை, அந்தச் சொல்லை எடு என்று சொல்லும் ரகம். ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டிப் பார்த்தேன், பெயர் வேண்டாம். தமிழில் தேடுகிறவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பதே அதற்குப் புரியவில்லை. நம் ஆட்களில் பலர் தமிழ் வாக்கியத்தை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். "எப்படி" என்ற ஒரு சொல்லையே நாலு விதமாக அடிக்கிறார்கள். வாணியம்பாடியில் உருது பேசுகிற வீடுகளில் தேடுவது இன்னொரு விதம். அந்த ஆப் இவற்றையெல்லாம் தனித்தனிச் சொல்லாக எண்ணி, எல்லாவற்றுக்கும் தேடல் இல்லை என்று சிவப்பு காட்டியது. அதே நேரம் ஸ்டூடியோவில், யூடியூப் தேடல் வழியாக வந்தவர்கள் உண்மையில் எந்தச் சொல்லை அடித்து வந்தார்கள் என்ற பட்டியல் இலவசமாக இருக்கிறது. உங்கள் வீடியோவுக்கு உங்கள் ஜனங்கள் அடித்த சொற்கள். சந்தாவை நிறுத்திவிட்டேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில்வரை போட்டுச் சோதிக்கும் வசதி 2024-ல் பரவலாக வந்தது. எது அதிக நேரம் பார்க்க வைத்தது என்பதை வைத்து ஜெயித்ததைச் சொல்கிறது, கிளிக்கை மட்டும் வைத்து அல்ல. நல்ல வசதி, பயன்படுத்துங்கள். கிளிக் சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாதிச் சேனல்களுக்கு அது 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது என்று யூடியூபே சொல்கிறது. ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறார்கள், ஆகவே அந்தப் பெரிய எண்ணை நம்பாமல், நின்று பார்த்தவர்கள் எத்தனை, தள்ளிவிட்டவர்கள் எத்தனை என்ற கணக்கைப் பாருங்கள்.

"நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுறேன்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சப்ஸ்கிரைபர் சேர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது யூடியூபின் விதிக்கு விரோதம், சேனலுக்கே ஆபத்து. விதியை விடுங்கள், அந்தக் குழுவில் இருப்பவர் உங்கள் வீடியோவைப் பத்து விநாடி ஓடவிட்டு மூடுகிறார். உங்கள் கோட்டை உடைப்பவர் அவர்தான். நீள வீடியோக்களை வைத்து விளம்பர வருமானம் பெறத் தேவை 1,000 சப்ஸ்கிரைபர்கள் மட்டுமல்ல, 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அந்த மணி நேரத்தைக் குழு தராது.

தீர்ப்பு இதுதான். புதிதாகச் சேனல் தொடங்கியவர் எந்தச் சந்தாவும் கட்ட வேண்டாம். கைக்காசு இருந்தால் ஒரு காலர் மைக் வாங்குங்கள். வீடியோ போட்ட மூன்றாவது நாள் ஸ்டூடியோவைத் திறந்து, கோடு விழுந்த இடத்திலும் எழுந்த இடத்திலும் விரலை வைத்து அந்தப் பத்து விநாடிகளைப் பாருங்கள். அடுத்த வீடியோவின் முதல் ஷாட் எது என்பதை அந்த இடத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.