நகல் தடுப்பும் காசு கொடுத்தவரும்

கணினி விளையாட்டை ஓட்டுபவர் அதை முறையாக வாங்கியவர்தானா என்று மென்பொருளே சோதிப்பதுதான் நகல் தடுப்பு. முன்பு சிடி டிரைவில் இருந்தாலே போதுமாக இருந்தது. இன்று பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வர் அனுமதிக்க வேண்டும்.

இதற்கான காரணம் பொய்யல்ல. சென்னை பர்மா பஜாரில் திருட்டு சிடிக்கள் கூவி விற்கப்பட்ட காலத்தை யாரும் மறக்கவில்லை. டெனுவோ என்ற நகல் தடுப்புப் பூட்டைப் பற்றி 2024இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போகும். 12 வாரங்களுக்குப் பின் உடைந்தால் இழப்பு இல்லை என்றே சொல்லலாம். அதன் பிறகும் பூட்டு எதற்கு என்ற கேள்வியும் இதிலேயே எழுகிறது.

தொல்லையெல்லாம் வாங்கியவருக்கே. 2008இல் வந்த ஸ்போர் விளையாட்டை மூன்று முறைதான் பதிவுசெய்ய முடிந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே ஐந்தாயிற்று. 2010இல் யுபிசாப்ட் நிறுவனத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது அசாசின்ஸ் கிரீட் 2 வாங்கியவர்கள் விளையாட முடியாமல் தவித்தனர். 2021இல் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் விளையாட்டின் பூட்டு நீக்கிய திருட்டுப் பிரதி அசல் பிரதியைவிடச் சீராக ஓடியது. அதைத் தயாரித்த கேப்காம் நிறுவனம் பின்னர் திருத்தம் (பேட்ச்) வெளியிட்டது. காசு கொடுத்தவருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது. செஞ்சியை அடுத்த மண்டகப்பட்டில், கைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி விளையாடும் ஒருவருக்கு சிக்னல் போனாலே அசாசின்ஸ் கிரீட் 2 வாங்கியவர்களின் அதே தவிப்புதான்.

இந்தியச் சட்டம் வாங்கியவரிடம் சற்று இரக்கம் காட்டுகிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் அது குற்றம். முறையாகப் பெற்ற மென்பொருளுக்குக் காப்பு நகல் எடுக்க 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில், சில விலக்குகள் தவிர, உடைப்பதே தவறு.

ஆயினும் இந்தியச் சட்டம் தரும் காப்பு நகல் உரிமை ஏட்டளவு உரிமைதான். பூட்டை உடைக்கத் தெரியாதவர், வைரஸ் இருக்கலாம் என்று தெரிந்தும் முகம் தெரியாத யாரோ தந்த கிராக் கோப்பைத்தான் நாட வேண்டும். எப்போதும் இணையத்தில் இருந்தே ஆக வேண்டிய விளையாட்டுக்கு அதுவும் உதவாது: 2024 மார்ச் 31 அன்று யுபிசாப்ட் சர்வர்களை மூடியதும், தி குரூ விளையாட்டு வாங்கியவர்களுக்கும் நின்றுபோனது. சர்வரை மூடுமுன் பூட்டைக் கழற்றித் தர வேண்டும் என்று எந்த நிறுவனத்தையும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை.